ஒன்றரை அடித் துண்டு யாருடையது

அன்று கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான். என் கூட்டாளி லூர்து. கம்ப்யூட்டரில் டிசைன் போடும் ஜெயந்தி. மாதா கோயில் திருவிழா பேனர்களை எடுத்துப்போக வந்திருந்த கண்டக்டர். அவர் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ரிட்டயர்டு ஆனவர், கிளியனூருக்கு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கிராமத்தின் திருவிழாக் கமிட்டிக்குப் பொருளாளர். ஐந்தாவது ஆள், வானூரில் செல்போன் கடை வைத்திருந்த பாபு. வாசலில் நின்ற மினி லாரியின் டிரைவர் வண்டியை விட்டு இறங்கவே இல்லை, அதனால் அவரைச் சேர்க்கவில்லை. இப்படி எண்ணிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த ஐந்து பேரில் யார் எதைப் பார்த்தார்கள், யாருக்கு எது விளங்கியது என்று நான் பல வருஷம் மனதுக்குள் ஓட்டி ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

பிளக்ஸ் கடைக் கவுண்டரில் புதிதாக உட்காருகிற தம்பி தங்கைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று தொழிலில் இருக்கும் சிலர் கேட்டார்கள். மிஷின் ஓட்டுவதைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. நீங்கள் என்னைவிட நன்றாக ஓட்டுகிறீர்கள். மிஷினை விற்றுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆள் நான். எனக்குச் சொல்லத் தெரிந்தது விலை சொல்வதைப் பற்றி மட்டும்தான். அதிலும் வேஸ்ட்டுக்கு விலை சொல்வதைப் பற்றி.

என் சுபாவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பயந்த ஆள். எட்டாம் வகுப்பில் கணக்குப் பரீட்சையன்று பாதி வழியில் திரும்பியவன், அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் பக்கம் போகவில்லை. ஆனால் கணக்கு என்னை விடவில்லை. பூட்டிய கடையைத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். டேப்பை ஒரே இடத்தில் மூன்று முறை வைப்பேன். லூர்து சிரிப்பான். "துணி சுருங்கிடுச்சான்னு பாக்கறியா மச்சான்?"

லூர்துவும் நானும் 1993-ல் விழுப்புரத்தில் ஒரு ஸ்டிக்கர் கடையில் ஒன்றாகச் சேர்ந்தோம். லாரிக்கும் பஸ்ஸுக்கும் ரேடியம் ஸ்டிக்கர் வெட்டி ஒட்டும் வேலை. அவன் வெட்டுவான், நான் அளப்பேன். பதினைந்து வருஷத்துக்கு மேல் அப்படியே போனது. திண்டிவனத்தில் பிளக்ஸ் மிஷின் போட்டால் ஓடும் என்று சொன்னவன் அவன். ஓடாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டவன் நான். இரண்டு பேரும் சமமாகப் பணம் போட்டு, மீதிக்கு லோன் வாங்கி, சென்னையிலிருந்து ஒரு பழைய மிஷினை இறக்கினோம். லாபம் பாதிக்குப் பாதி. மிஷின் அவன் பொறுப்பு, கவுண்டரும் பில்லும் என் பொறுப்பு.

முதல் வருஷம் நல்ல கூட்டம். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, எல்லாவற்றுக்கும் பேனர். ஊரெல்லாம் சதுர அடி பத்து ரூபாய், நாங்களும் பத்து ரூபாய். ஆனால் தவணை கட்டும் தேதி வந்தால் கையில் காசு இல்லை. எனக்குத் தூக்கம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பில் புக்கையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ரோலாக வாங்கிய சதுர அடியை ஒரு பக்கம் கூட்டினேன். பில்லில் எழுதிய சதுர அடியை இன்னொரு பக்கம் கூட்டினேன். ஆறு ரோல் வாங்கினால் ஐந்து ரோலுக்குத்தான் காசு வந்திருந்தது.

ஒரு ரோலை யாரும் திருடவில்லை. ஐந்தரை அடி அகலம் கேட்டவனுக்கு ஆறடி ரோலில் ஓட்டி, ஐந்தரைக்குக் காசு வாங்கியிருந்தேன். நடுவில் கரண்ட் போய், படத்தின் குறுக்கே கோடு விழுந்து, திரும்ப ஓட்டியது எதையும் யார் தலையிலும் எழுதவில்லை. ரோல் மாற்றும்போது முன்னால் இரண்டடி, பின்னால் இரண்டடி. இதெல்லாம் கிழிந்து மூலையில் குவியும். மல்லாட்டைக் கடலை காயவைக்கவும் மாட்டுக் கொட்டகைக்கு மறைப்புக் கட்டவும் சுற்றுவட்டாரத்து ஜனங்கள் வந்து கேட்பார்கள். லூர்து சுருட்டிக் கொடுத்துவிடுவான். ஆறாவது ரோல் அப்படித்தான் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது.

இதற்கு இரண்டு வழி உண்டு. இன்றைக்கும் அந்த இரண்டுதான். ஒன்று, எல்லாருக்கும் விலையை ஏற்றி வேஸ்ட்டைப் பரவலாக எல்லார் தலையிலும் போடுவது. இன்னொன்று, யாருடைய அளவால் வேஸ்ட் ஆகிறதோ அவரிடமே ரோலின் முழு அகலத்துக்கும் வாங்குவது. லூர்து முதல் வழியைச் சொன்னான்.

"ஒரு ரூபா ஏத்திடு மச்சான். எல்லாருக்கும் ஒரே ரேட்டு. பேஜாரு இல்ல."

"பக்கத்துக் கடையில பத்து ரூபா. நாம பதினொண்ணுன்னா எவன் வருவான்?"

"அப்ப துண்டுக்கு மட்டும் எப்படிக் கேப்ப?"

"கணக்கா சொல்லிக் கேப்பேன்."

"கேளு. ஆனா காசு வாங்கிட்டா துண்டு எங்கன்னு கேப்பாங்க, பாத்துக்க" என்று சொல்லிவிட்டு அவன் மிஷின் பக்கம் போய்விட்டான். அது வேலைக்கு நடுவே நின்றபடி நடந்த பேச்சு. எதையும் நாங்கள் முடிவு செய்யவில்லை. முடிவு செய்ததாக நான் எடுத்துக்கொண்டேன்.

கண்டக்டர் ஆர்டர் கொடுக்க வந்தது ஆடி மாதத்தில். கல்யாண பேனர் ஒன்றுகூட இல்லாத மாதம். லூர்து அன்று இங்க் வாங்கச் சென்னை போயிருந்தான். கண்டக்டர் வெள்ளைச் சட்டைப் பாக்கெட்டில் சின்ன நோட்டும் இரண்டு பேனாவும் வைத்திருந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. பஸ்ஸில் நின்றே பழகிய கால்கள்.

"ஆறு பேனரு. ஒவ்வொண்ணும் இருபதடி நீளம், ஆறடி ஒசரம். ரோட்லேருந்து கோயில் வரைக்கும் ஓரமா நிக்கணும். ஆசாரி பிரேம் அடிச்சு முடிச்சிட்டாரு."

பிரேம் முடிந்துவிட்டது என்று கேட்டதுமே எனக்கு விளங்கியது. ஆறடிப் பிரேமுக்கு ஆறடி பிளக்ஸ் பத்தாது. பின்பக்கம் மடித்து ஆணி அடிக்க மேலும் கீழும் கால் கால் அடி வேண்டும். ஆறரை ஆகிறது. எங்களிடம் ஆறுக்கு அடுத்த ரோல் எட்டு. ஒன்றரை அடி, நூற்று இருபதடி நீளத்துக்கு, வெறும் துண்டாகப் போகும். பிரேம் அடிப்பதற்கு முன்னால் வந்திருந்தால் ஐந்தரையில் அடிக்கச் சொல்லி ஆறடி ரோலில் முடித்திருப்பேன். இதை மட்டும் இன்றைக்கே மனதில் எழுதிக்கொள்ளுங்கள்: அளவைக் கேட்பதற்கு முன்னால், பிரேம் அடித்தாயிற்றா என்று கேளுங்கள். வேஸ்ட்டைக் குறைக்க அதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது.

நான் பேப்பரில் கட்டம் போட்டுக் காட்டினேன். எட்டடி ரோல், இது உங்கள் ஆறரை, இது மீதி. எட்டுக்கும் சேர்த்துத்தான் விலை. தொள்ளாயிரத்து அறுபது சதுர அடி, ஒன்பதாயிரத்து அறுநூறு ரூபாய். பக்கத்துக் கடையில் ஆறரைக்கே போட்டுத் தருவார்கள், அங்கே போகிறேன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்து, போட்ட கோட்டின் மேலேயே மறுபடி கோடு போட்டேன். அவர் கட்டத்தை நிதானமாகப் பார்த்தார்.

"பாண்டிக்கு டிக்கெட்டு எடுத்துட்டு கிளியனூர்ல எறங்கினா, மீதி காச எவன் திருப்பிக் குடுப்பான்? நியாயந்தான். எழுது" என்றார். நாலாயிரம் அட்வான்ஸ் எண்ணி வைத்தார். தன் நோட்டிலும் எழுதிக்கொண்டார். "திருவிழா முடிஞ்ச அடுத்த ஞாயித்துக்கிழம கோயில்ல கணக்கு படிக்கணும். ஒத்த ரூபா ஒதச்சாலும் எழுந்து நின்னு கேப்பாங்க. அதான்."

அவர் போனபிறகு எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஒன்றரை அடிக்கு உரிய ஆயிரத்து எண்ணூறு ரூபாயை நியாயமாகச் சொல்லி, நியாயமாக வாங்கிவிட்டேன். அதோடு நிறுத்தியிருந்தால் இதை எழுத எனக்கு ஒன்றுமே இருந்திருக்காது. ஆனால் தவணைக்கு இன்னும் ஆயிரத்துச் சொச்சம் குறைந்தது. மறுநாள் வானூர் பாபு வந்து நின்றார். ரீசார்ஜ் விற்கும் பெட்டிக்கடைகளின் முகப்பில் கட்டக் கொடுக்க முப்பது பிளக்ஸ் பட்டை வேண்டும். நாலடி நீளம், ஒன்றேகால் அடி அகலம். ஒவ்வொன்றும் ஐம்பது ரூபாய். நாலு முப்பது நூற்று இருபது. என் தலைக்குள் அந்த ஒன்றரை அடித் துண்டும் பாபுவின் பட்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போய் உட்கார்ந்துகொண்டன.

எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். கிளியனூரில் இறங்கினவன் சீட்டில் வேறொருவன் டிக்கெட் வாங்கி உட்காருவதில்லையா?

ஜெயந்தியிடம் இரண்டையும் ஒரே பைலில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். லூர்து திரும்பி வந்து ஓட்டினான். மாதா பேனரின் ஓரத்தில் பாபுவின் பட்டைகளும் சேர்ந்து இறங்குவதைப் பார்த்து, "துண்டு வீணாவாம பண்ணிட்ட மச்சான், பரவால்ல" என்றான். கோயிலுக்கு ஆறரைக்குத்தான் பில் போட்டிருப்பேன் என்று அவன் நினைத்துக்கொண்டான். நான் அந்த நினைப்பைத் திருத்தவில்லை. அவனுடைய மனைவி அந்த ஊர்க்காரி. கண்டக்டர் அவளுக்குப் பெரியப்பா முறை. லூர்து அவரை மாமா என்றுதான் கூப்பிடுவான்.

அந்த நாள் வந்தது. காலை பதினோரு மணி. கண்டக்டர் மினி லாரியோடு வந்தார். பேனர்களை ஒவ்வொன்றாகத் தரையில் விரித்துப் பார்த்தார். நீலப் பின்னணியில் மாதா படம், திருவிழா நிகழ்ச்சிகள், கமிட்டிக்காரர்கள் பெயர். பெயர் ஒவ்வொன்றையும் விரல் வைத்து வாசித்தார். "நல்லா வந்துருக்குது லூர்து" என்றார். லூர்துவுக்கு முகம் மலர்ந்தது. மாமியார் ஊரில் தன் வேலை ரோடு நெடுக நிற்கப்போகிறது.

மாலையில் வரவேண்டிய பாபு அப்போதே வந்துவிட்டார். அவசரக்காரர், பைக்கை நிறுத்தாமலே உள்ளே குரல் கொடுப்பவர். "ஜல்தி குடுங்க, வானூர் போவணும்" என்று கவுண்டரில் இருந்த கட்டை அவரே அவிழ்த்தார். முதல் பட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இன்னாங்க இது, ஓரத்துல நீலமா? என் கம்பெனி கலரு செவப்பு. எவனாவது பாத்தா வேற கம்பெனின்னுல்ல நெனைப்பான்."

பட்டைகளை வெட்டியது நான். அவசரத்தில் கை கோணிவிட்டது. பட்டையின் நீளம் முழுக்க ஒரு விரல் அகலத்துக்கு மாதாவின் நீலம் ஓடியது.

கண்டக்டர் குனிந்து பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். பாபுவின் கையிலிருந்த பட்டையைப் பார்த்தார். காலடியில் இருந்த பேனரைப் பார்த்தார். பாபுவிடம் கை நீட்டி, "குடுப்பா" என்று வாங்கி, அந்த நீலத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"நம்ம ஒன்னரை அடி எங்கப்பா?" என்று என்னைக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. சில்லறை பாக்கி கேட்பதுபோலக் கேட்டார்.

தம்பிகளே, அந்த இடத்தில் நான் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. "ஐயா, அதில்தான் இதை ஓட்டினேன், அந்தக் காசைக் கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வது. ஐயாயிரத்து அறுநூறு பாக்கி வரவேண்டியிருந்தது. அதில் பாபுவின் பட்டைக்கு வரும் ஆயிரத்து ஐநூறு குறைந்திருக்கும். தவணை ஒரு வாரம் தள்ளியிருக்கும். அவ்வளவுதான். இன்றைக்கு இதை எழுத எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அன்றைக்கு அந்த வாக்கியத்தை நான் சொல்லவில்லை. பயந்தவன் பொய்யைத் தேடிப் போக வேண்டியதில்லை, அது அவன் நாக்கிலேயே உட்கார்ந்திருக்கும்.

"அது வேஸ்ட்டுங்க ஐயா, கிழிச்சு தள்ளிட்டோம். இது வேற ரோலு. இங்க் காயறதுக்குள்ள ரெண்டையும் ஒண்ணா சுத்தி வெச்சதுல நீலம் ஒட்டிக்கிச்சு."

ஜெயந்தி மானிட்டரைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். பாபு ஒன்றும் விளங்காமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நான் லூர்துவைப் பார்க்கவில்லை. ஆனால் அவன் என்னைப் பார்ப்பது தெரிந்தது. நம்ம ஒன்றரை அடி என்று மாமா கேட்ட அந்த ஒரு சொல்லிலேயே, அவர்களிடம் நான் எட்டடிக்குக் காசு வாங்கியிருக்கிறேன் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது.

கண்டக்டர் என் பதிலுக்குத் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. திரும்பினார். "அப்படியா லூர்து?"

மிஷின் அந்த நேரம் ஓடவில்லை. ஓடியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆமா மாமா" என்றான் லூர்து.

"நீ சொன்னா சரிதாம்பா."

பாக்கியை எண்ணினார். நூறு ரூபாய்த் தாள்களை இரண்டாக மடித்து, விரலிடுக்கில் வைத்து, கண்டக்டர்கள் எண்ணுகிற மாதிரியே எண்ணினார். ஐயாயிரத்து அறுநூறு. ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லவில்லை. பாபுதான் நீலத்துக்காக ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லிக் கொஞ்ச நேரம் வாதாடினார். நான் குறைக்கவில்லை. ஓரத்தை நேராக்கி வெட்டித் தந்தேன். டேப்பை ஒரே இடத்தில் மூன்று முறை வைத்ததைப் பார்த்து, "காப்பி சாப்பிடலியா நீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

லூர்து பேனர்களை லாரியில் ஏற்றிக் கயிறு கட்டினான். வண்டி திரும்பும்வரை ரோட்டில் நின்றான். உள்ளே வந்து பில் புக்கைக் கேட்டான். கடை தொடங்கியதிலிருந்து அவன் பில் புக்கைக் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

"எட்டடிக்குப் போட்டிருக்க."

"ஆமா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ ஒத்துக்க மாட்ட."

"ஒத்துக்கினு இருப்பேன். எட்டடிக்கு வாங்கினது தப்பில்ல. துண்ட சுருட்டி மாமா கையில குடுத்திருப்பேன். அவ்ளோதான்."

"பஸ்ல எறங்கினவன் சீட்ல வேற ஆளு உக்கார்றது இல்லியா?" எனக்கு நானே சொல்லிக்கொண்ட அந்தச் சமாதானத்தையே அவனிடமும் சொன்னேன்.

"பஸ்ல சீட்டு வாடகைக்கு. நீ ரோல வாடகைக்கா குடுத்த? வித்துட்ட இல்ல."

வேஸ்ட்டுக்கு விலை போடுவதைப் பற்றி நான் படித்ததெல்லாம் அந்த ஒரு வரிதான். துண்டுக்குக் காசு வாங்கினால் துண்டு வாங்கினவனுடையது. அதைத் திரும்ப உபயோகிக்கப் போகிறாய் என்றால் அவனிடம் காசு வாங்காதே, அல்லது சொல்லிவிட்டு விலையில் குறைத்துக்கொள். மூன்றாவது வழி ஒன்று இருப்பதுபோலத் தெரியும். எல்லா மாதமும் தவணைத் தேதிக்கு முன்னால் அது தெரியும்.

லூர்து சண்டை போடவில்லை. போட்டிருந்தால் சமாதானம் ஆகியிருப்போம். அந்த மாதக் கடைசிவரை தினமும் வந்தான். மிஷின் ஓட்டினான். புதிதாக ஓர் ஆளைக் கூட்டிவந்து வேலை பழக்கினான். கடைசி நாள் சாவியைக் கவுண்டரில் வைத்தான்.

"நான் காசுக்காவ போவல. மாமா என் மூஞ்சிய பாத்து கேட்டாரு. ஒன் மூஞ்சிக்காவ நான் பொய் சொன்னேன். நாளைக்கும் நீ இங்க மாட்டிக்கினு நிப்ப, நான் மறுபடியும் சொல்லுவேன். என்னப் பத்தி எனக்குத் தெரியும் மச்சான், ஒன்ன காட்டிக் குடுக்க எனக்கு வராது. அதான் போறேன்."

அவன் போட்ட பணத்தைத் தவணை தவணையாகத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். பாபு பட்டைக்கு வந்த ஆயிரத்து ஐநூறில் அவன் பாதி எழுநூற்று ஐம்பதை மட்டும் கவரில் போட்டபடியே திருப்பி அனுப்பிவிட்டான்.

அதற்குப் பிறகு கடை ஓடியது. நன்றாகவே ஓடியது என்று சொல்லலாம். லூர்து விலகிப் போன அதே வாரம் கவுண்டர் மேல் ஒரு பலகை மாட்டினேன். விலை ரோலின் முழு அகலத்துக்கு, மீதித் துண்டு உங்களுடையது, எங்களிடம் விட்டால் இவ்வளவு குறைப்போம். எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்று பலகையை நாலடி அகலத்தில் போட்டேன். மற்ற கடைக்காரர்கள் டீக்கடையில் என்னைப் பார்த்தால் விடமாட்டார்கள். "ஒங்க கடைக்கு வந்தா குப்பையும் காசு குடுத்துதான் வாங்கணுமாமே?" நான் சிரித்துவைப்பேன். கொஞ்ச நாளில் டீக்கடைக்குப் போவதை விட்டுவிட்டேன். பிளக்ஸ் கடைக்காரர் சங்கத்தில் ரேட் பேசுகிற கூட்டத்துக்கும் என்னைக் கூப்பிடுவதில்லை. ஒரு வீட்டுக்காரர் கல்யாண பேனரையும் அதன் துண்டையும் தனித்தனியாகச் சுருட்டி வாங்கிப்போவார். அந்தத் துண்டு அவருக்கு எதற்கும் ஆகாது, ஆனாலும் சந்தோஷமாகப் போவார். அதைப் பார்க்க எனக்கு நன்றாக இருக்கும். அதைச் சொல்லத்தான் பக்கத்தில் ஆள் இருக்காது.

இருபதடி பேனரை வெட்டும்போது இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் கத்தியை இழுத்துக்கொண்டு போக வேண்டும். முன்பெல்லாம் மறுமுனையில் லூர்து குந்தியிருப்பான், நான் கத்தியோடு அவனை நோக்கி நகர்ந்து போவேன், அவன் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைப்பான். பிறகு வந்த ஆள்கள் மிஷின் ஆள்கள், கூப்பிட்டால் வந்து பிடித்துவிட்டு உடனே போய்விடுவார்கள். கூப்பிடக் கூச்சமாக இருக்கும். மறுமுனையில் ஓர் இரும்புக் கட்டையை வைத்துக்கொண்டேன். வீட்டில் எனக்கு மனைவி மக்கள் எல்லாரும் உண்டு. ஆனால் பகலெல்லாம் இருப்பது கடையில்தானே. மிஷின் தலை போய்ப்போய் வரும் சத்தத்தைக் கேட்டபடி, அன்றைக்கு அந்த ஐந்து பேரையும் திரும்பத் திரும்ப அதே இடங்களில் நிறுத்திப் பார்ப்பேன். ஜெயந்திகூட ஒருநாள், "விட்டுடுங்கண்ணே, அதையே நெனச்சுக்கினு இருக்காதீங்க" என்றாள். நான் என்ன நினைக்கிறேன் என்று அவளிடம் சொன்னதே இல்லை.

காசைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பல தடவை நினைத்தேன். எவ்வளவு என்பதிலேயே சில மாதம் போனது. எட்டடிக்கு வாங்கியது நியாயம், லூர்துவே அதைச் சொன்னான். அப்படியானால் துண்டை விற்று வந்த ஆயிரத்து ஐநூறுதான் கோயிலுடையது. ஒருநாள் அந்த ஊர்க் கோயில்வரை போனேன். மதிய வெயிலில் யாரும் இல்லை. உண்டியலுக்கு முன்னால் கவரோடு நின்றேன். அதில் போட்டால் அது காணிக்கை. நான் ஏதோ நல்லது செய்தவன் ஆகிவிடுவேன். கடனைக் கடன் என்று சொல்லித்தானே கொடுக்க வேண்டும்? திரும்பி வந்துவிட்டேன்.

கண்டக்டரிடமே போய் உண்மையைச் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் அதில் லூர்து சொன்னதும் இருக்கிறது. அவனைக் கேட்காமல் செய்யக்கூடாது என்று பட்டது. ஐந்தாறு வருஷம் கழித்து, விழுப்புரத்தில் அவன் வேலை செய்த கடைக்குப் போனேன். வேறொருவர் கடை. மூன்று மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தலை நரைத்திருந்தான்.

"வாங்க" என்றான். "உக்காருங்க. சாப்டீங்களா?"

இத்தனை காலத்தில் அவன் என்னை 'வாங்க' என்று மரியாதை போட்டுக் கூப்பிட்டதில்லை. நான் ஸ்டூலில் உட்கார்ந்து, வந்த விஷயத்தைச் சொன்னேன். கவரைக் காட்டினேன். மிஷின் சத்தத்தில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவன் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான்.

"கமிட்டியில குடுத்தா வரவு வெக்கணும். எதுக்கு வரவுன்னு எழுதணும். எழுதினா ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு படிப்பாங்க. என் மாமியார் முன்னாடி வரிசையில உக்காருவாங்க, என் பொண்டாட்டி பக்கத்துல."

"கண்டக்டர்கிட்ட மட்டும் தனியா சொன்னா?"

"அவருக்குத் தெரியாதுன்னா நெனைக்கிறீங்க?" லூர்து லேசாகச் சிரித்தான். "முப்பது வருஷம் பஸ்ல மூஞ்சி பாத்தவரு. அன்னிக்கே தெரியும் அவருக்கு. தெரிஞ்சுக்கினுதான் நீ சொன்னா சரிதாம்பான்னு சொல்லிட்டுப் போனாரு. இன்னிய வரைக்கும் ஒரு வார்த்த கேக்கல. என் பொண்ணு கல்யாணத்துக்கு மொத ஆளா வந்து நின்னாரு. இப்ப நீங்க போயி, லூர்து சொன்னதும் பொய்தான்னு அவரு கையில காசா வெச்சா, அவரு என்ன பண்ணுவாரு? அன்னிக்கி கண்டுக்காம விட்டத இன்னிக்கிப் புடிக்கணும்."

நான் கையிலிருந்த கவரைப் பார்த்தேன்.

"குடுத்தா உங்க பாரம் எறங்கிடும். எனக்கு ஏறிடும். வேணாங்க."

ஒரு மிஷினில் ரோல் முடிந்து மணி அடித்தது. அவன் போய்ப் புது ரோலை ஏற்றினான். முன்னால் இறங்கிய இரண்டடி வேஸ்ட்டைக் கிழித்து மடித்து, ஓரமாக வைத்தான். நான் ஸ்டூலை விட்டு எழுந்து, வருகிறேன் என்றேன். வாசல்வரை வந்து, "பாத்துப் போங்க" என்றான்.

புதிதாக வந்திருப்பவர்களே, விலை சொல்லும்போது பக்கத்தில் உங்கள் கூட்டாளி இல்லாவிட்டால், அவர் வரும்வரை பில்லை மூடாதீர்கள். தப்பாகச் சொன்ன விலையைத் திருத்திவிடலாம். உங்களுக்காக இன்னொருவர் சொன்ன பொய்யைத் திருத்த முடியாது. அதைத் திருத்தும் உரிமை உங்களிடம் இல்லை. கண்டக்டர் இப்போதும் இருக்கிறார், பாண்டியில் மகள் வீட்டில் என்று கேள்வி. லூர்து இன்னும் மிஷின் ஓட்டுகிறான். கிளியனூர்ப் பக்கத்து அந்த மாதா கோயில் திருவிழாக் கணக்குக்கு நான் இன்னும் தர வேண்டியது ஆயிரத்து ஐநூறு ரூபாய்.